மாப்பிள்ளைமாரை இரண்டு தரம் எண்ணிய தேர்தல்

எங்கள் தொகுதியில் எத்தனை வாக்காளர் என்று மட்டக்களப்புக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கேட்டால் ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கை எங்கள் ஊரில் யாரும் மதித்ததில்லை. எங்கள் ஊரில் குடி என்றால் ஒரு வம்சம்; குடிக்கு ஒரு மரைக்கார் இருந்தார். பள்ளிவாசல் காரியம், கலியாணம், சண்டை எல்லாவற்றையும் குடிசார்பில் பேசுகிறவர் அவர்தான். தேர்தல் வந்தால் வாக்கு எண்ணுவதும் அவர்தான், அதுவும் வாக்களிப்புக்கு முதலே. எல்லா மரைக்கார்மாரும் எண்ணி முடித்தபிறகு கூட்டிப் பார்த்தால், தொகுதியில் இருக்கிற ஆம்பிளைகளைவிட ஆம்பிளை வாக்குகள் கூடிப்போயிருக்கும்.

இது களவு இல்லை. எங்கள் கரையின் வழக்கம் அப்படி. கலியாணம் முடித்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பேரில் எழுதிய சீதனம். குடியும் உம்மா வழியில் போகும். ஆகவே மாப்பிள்ளை என்கிறவர் மனைவியின் வீட்டில் சாப்பிட்டு, மனைவியின் வயலைச் செய்துகொண்டு, தன்னுடைய உம்மாவின் குடியில் இருப்பார். சாதாரண நாட்களில் இதில் ஒரு கரைச்சலும் இல்லை. தேர்தல் வந்தால் மட்டும், பெண் வீட்டு மரைக்கார் ‘நம்மட சோத்தத் தின்னுறவன்’ என்று அவரை எண்ணுவார். உம்மா வீட்டு மரைக்கார் ‘நம்மட வயித்துப் புள்ள’ என்று அவரையே எண்ணுவார்.

நான் சொல்லப்போவது ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடந்த தேர்தல். பெயர் ஒன்றும் சொல்லமாட்டேன். எல்லாருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், பெருநாளைக்குப் பெருநாள் முகம் பார்க்கவேண்டும். தேர்தலில் நின்ற அபேட்சகர் இரண்டு பேர். ஒருவர் குடைச் சின்னம்: எங்கள் ஊரில் பிறந்து கொழும்பு நீதிமன்றத்தில் அப்புக்காத்து வேலை பார்த்தவர். மற்றவர் மணிக்கூடு: பக்கத்து ஊரில் பெரிய காணிக்காரர். குடைக்காரர் ஆற்றுக்குப் பாலம் போடுவோம் என்றார். மணிக்கூட்டுக்காரர் அதே பாலத்தை இன்னும் அகலமாகப் போடுவோம் என்றார். கொள்கை வித்தியாசம் அவ்வளவுதான்.

என் உம்மாவின் தம்பிதான் எங்கள் குடிக்கு மரைக்கார். அவர் குடைப் பக்கம். என் புருசனின் உம்மாவுடைய காக்கா, அதாவது அண்ணன், புருசனுடைய குடிக்கு மரைக்கார். அவர் மணிக்கூட்டுப் பக்கம். குழப்பம் வராமல் இருக்க இவர்களைக் குடை மாமா, மணிக்கூட்டு மாமா என்றே சொல்கிறேன். உயிரோடு இருந்தால் இரண்டு பேருக்குமே கோபம் வந்திருக்கும்.

எனக்கு அப்போது கலியாணம் முடிந்து ஒரு வருசம்கூட இல்லை. வாப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். உம்மாவும் நானும் இவரும்தான் வீட்டில். இவர் என்றால் என் புருசன். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் மூத்தவன்.

இவர் நல்ல மனுசன். இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ‘இல்லை’ என்ற சொல் இவர் வாயில் வராது. கடன் கேட்டு வந்தவனுக்கும் ஓம், மாடு விற்க வந்தவனுக்கும் ஓம். கலியாணத்துக்கு முதல் எங்கள் வீட்டார் மாப்பிள்ளை கேட்டதற்கும் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அதை நினைக்கும்போது எனக்கே சில நேரம் யோசனை வரும்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் குடை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து, விரலை மடக்கி மடக்கி எண்ணினார். இவருடைய முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“மருமகன், உங்கட வோட்டுக் குடைக்குத்தானே?”

“ஓம் மாமா” என்றார் இவர்.

விரல் மடங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இவருடைய உம்மா வீட்டில் பகல் சாப்பாடு. அங்கே மணிக்கூட்டு மாமா பெரிய சகன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டவர்களை எண்ணினார். நான் திரைச்சீலைக்கு அங்கால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மகன், நீ எங்க சோறு திண்டாலும் நம்மட ஆள்தானே?”

“ஓம் மாமா” என்றார் இவர், வாயில் சோற்றோடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து குடை மாமாவிடம், “மாமா, இவர அங்கயும் எண்ணுறாங்க” என்றேன்.

“எண்ணட்டும். பொய்க்கணக்கு.”

“ரெண்டு பக்கமும் ஒரே ஆள எண்ணினா ஒருத்தர்ட கணக்குப் பொய்தானே மாமா?”

“ஓம், அவன்ட கணக்கு” என்றார். “நீ பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்குப் படிச்சுக் குடு மகள். இது வேற கணக்கு.”

இவர் ஒருவர் மட்டும் இப்படி இல்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசி மாப்பிள்ளைமார் மணிக்கூட்டுக் குடியில் பிறந்தவர்கள், மணிக்கூட்டுத் தெருவில் முக்கால்வாசி எங்கள் குடியில் பிறந்தவர்கள். இரண்டு பக்கமும் வெற்றி நிச்சயம். குடைக்காரர் வெற்றி விருந்துக்கு மாடு பார்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மணிக்கூட்டுக்காரர் இரண்டு மாடு பார்த்துவிட்டாராம்.

அப்படியே போயிருந்தால் பகிடியாகவே முடிந்திருக்கும். கெட்ட காலத்துக்கு, இரண்டு மாமாமாரும் நெல் விலை பேச அக்கரைப்பற்றுக்கு ஒரே பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஒரே ஆசனத்தில் பக்கத்தில் பக்கத்தில். ஸலாம் சொல்லி, வெற்றிலை மாறி, சுகம் விசாரித்து, பிறகு எண்ணிக்கையில் இறங்கியிருக்கிறார்கள். பாலமுனை தாண்டுவதற்குள் இவருடைய பெயர் இரண்டு வாயிலும் வந்துவிட்டது. அக்கரைப்பற்றுச் சந்தியில் இறங்கும்போது ஒருவர் பஸ்ஸின் முன்பக்கத்திலும் மற்றவர் பின்பக்கத்திலும் இறங்கினார்களாம்.

அன்று பின்னேரம் குடை மாமா எங்கள் வீட்டு வளவுக்குள் வந்தபோது செருப்பைக் கழற்றவில்லை. இவர் வீட்டில் இல்லை. ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்டு மணிக்கூட்டு மாமா ஆள் அனுப்பிய செய்தி இவருக்கு முதலே கிடைத்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் முறை வந்துவிட்டது, வயலில் நிற்கவேண்டும் என்று சொல்லி, சொறிக்கல்முனைப் பக்கம் இருந்த எங்கள் வயல் வாடிக் குடிசைக்கு ஓடிவிட்டார். தண்ணீர் முறைக்கு இன்னும் நாள் இருந்தது. அது எனக்கும் தெரியும், உம்மாவுக்கும் தெரியும்.

மாமா உம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் எனக்குக் கேட்கவேண்டும் என்று பேசினார்.

“ராத்தா, கேட்டுக்க. உன்ட மருமகன் நம்மளுக்கு மாறாப் போட்டான் எண்டு தெரிஞ்சா, அவன் இந்தக் கடப்ப மிதிக்கப்படாது. பெட்டியத் தூக்கிக் கடப்படியில வெச்சிரு. மறுகா காதியார்ட்டப் போய்க் கதைப்பம்.”

கடப்பு என்றால் வளவு வாசல், காதியார் என்றால் தலாக் எழுதுகிறவர். உம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டா. வயிற்றுப் பிள்ளைக்கு வாப்பா இருக்கவேண்டுமா இல்லையா என்பதை ஒரு குடையும் மணிக்கூடும் முடிவு பண்ணப்போகின்றன என்று நினைக்க நினைக்க, பயம் போய் ஆத்திரம் வந்தது. மாமா பொய்ச் சொல் சொல்கிற மனுசன் இல்லை. அவர் வெருட்டினால் செய்வார். அதற்கு முந்தின வருசம் ஒரு வரம்புச் சண்டைக்காக எங்கள் குடியில் ஒரு மாப்பிள்ளையின் பெட்டி கடப்படிக்கு வந்து, அவர் திரும்பிப் போய்விட்டார். அவருடைய பொஞ்சாதி இன்னும் தன் உம்மாவோடு தனியாகத்தான் இருந்தாள்.

வாக்களிப்பு நாள் வந்தது. வாக்கு இரகசியம் என்று சட்டம். ஏறிப்போகிற மாட்டுக் கரத்தை இரகசியம் இல்லையே! இரண்டு பக்கமும் ஆட்களை ஏற்றுவதற்குக் கரத்தை விட்டார்கள். எருத்தின் கொம்பில் குடைப்படம் கட்டிய கரத்தையில் வந்தால் நீங்கள் குடை, மணிக்கூட்டுப் படம் கட்டிய கரத்தையில் வந்தால் மணிக்கூடு. உள்ளே போய் என்ன கீறுகிறீர்கள் என்பது பெரிய விசயம் இல்லை. பெண்களின் கரத்தைக்கு வெள்ளைச் சேலையால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். உம்மாவும் நானும் குடைக் கரத்தையில் போனோம். மாமாவே வந்து ஏற்றிவிட்டார்.

முந்தின தேர்தலில் ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு நிறப் பெட்டி. இந்த முறை புதுமை: கடதாசியில் சின்னம், பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போடக் கட்டம். மறைப்புக்குள் போனேன். நூலில் கட்டிய பென்சில் ஒன்று தொங்கியது. முதன்முதலாக ஒருவரும் பக்கத்தில் இல்லாத இடம். உம்மா இல்லை, மாமா இல்லை, இவர் இல்லை. கடப்படியில் பெட்டி வை என்று மாமா சொன்ன சத்தம் மட்டும் காதுக்குள் கிடந்தது. குடையைப் பார்த்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். மணிக்கூட்டுக்காரரில் எனக்கு ஒரு பிரியமும் இல்லை. ஆனால் என் புருசனை என் வீட்டில் இருந்து துரத்துவேன் என்று சொன்ன குடைக்கு என் கையால் போடமாட்டேன். மணிக்கூட்டுக் கட்டத்துக்குள், நடுவில், அழுத்திப் புள்ளடி போட்டேன். கடதாசியை மடித்துப் பெட்டிக்குள் போட்டபோது மனசு குளிர்ந்தது. உம்மாவோடு குடைக் கரத்தையிலேயே வீட்டுக்கு வந்தேன்.

இவர் பகலுக்குப் பிறகு வாடியில் இருந்து நேரே வந்தாராம், வாய்க்கால் கரையால் நடந்து, முழங்கால் வரைக்கும் சேறு. இரண்டு கரத்தைக்காரர்களும் கூப்பிட்டிருக்கிறார்கள். சேறு பிரளும் என்று சொல்லி இரண்டிலும் ஏறவில்லை. புத்திசாலித்தனம் என்றால் இவருக்கு அவ்வளவுதான் வரும், அதுவும் வருசத்துக்கு ஒரு தரம்.

பின்னேரம் குசினிக்குள் வந்து என் காதுக்குள் சொன்னார்.

“குடைக்குத்தான் புள்ள போட்டன். உன்ட மாமாக்குப் பயம்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் போட்டதை இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் மாமா கேட்கும்போது அதற்கும் ஓம் என்று சொல்லிவிடுவார்.

மட்டக்களப்பில் எண்ணினார்கள். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் செய்தி வந்தது: மணிக்கூடு வென்றுவிட்டது. கொஞ்ச வாக்கு வித்தியாசம்தான். குடைக்காரர் பார்த்து வைத்த மாடு தப்பியது. எங்கள் தெரு செத்த வீடு மாதிரிக் கிடந்தது. ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: நம்மட கணக்குப் பிழைக்க வழியில்லையே, எந்த மாப்பிள்ளை மாறினான்? ஒருவருமே கணக்கைச் சந்தேகப்படவில்லை. மாப்பிள்ளைமாரைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து றபான் அடித்துக்கொண்டு மணிக்கூட்டு ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வந்தது. எங்கள் கடப்படியில் நின்றது. மணிக்கூட்டு மாமா ஒரு வட்டாத் தட்டு நிறையத் தொதல் இனிப்புக் கொண்டுவந்து, தெரு முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார்.

“இது நம்மட மருமகனுக்கு! குடை ஊட்டுக்குள்ள இருந்துகொண்டே நம்மளுக்குக் குத்தின ஆம்புளச் சிங்கம்!”

அல்லாஹ்வே! இவர் வாசலில் நின்றார். இல்லை என்று சொன்னால் பெற்ற உம்மாவின் குடிக்கு முன்னால் துரோகி. ஓம் என்று சொன்னால் எங்கள் வீட்டில் இடமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இவர் ஓமும் சொல்லவில்லை, வாங்கின வட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார். ஊர்வலம் போய்விட்டது. தெருவின் அடுத்த பக்கத்தில் இருந்து குடை மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் வளவுக்குள் வந்தார். பின்னால் எங்கள் குடி ஆம்பிளைகள் பத்துப் பேர் அளவில்.

“மாமா, வல்லாஹி, குடைக்குத்தான் போட்டன்” என்றார் இவர்.

“என்னட்டயும் ஓம் எண்டாய், அவன்ட்டயும் ஓம் எண்டாய். இப்ப எந்த வாயால கதைக்கிறாய்?” மாமா உம்மாவைப் பார்த்தார். “ராத்தா, பெட்டிய எடு.”

உம்மா அழுதுகொண்டு உள்ளே வந்தா. இவருடைய தகரப் பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. உம்மா அதை இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி, திரைச்சீலையை விலக்கி ஆம்பிளைகளுக்கு முன்னால் வந்தேன்.

“மாமா, இவர் குடைக்குத்தான் போட்டார். உங்களுக்குப் பயத்துல போட்டார். மணிக்கூட்டுக்குப் போட்டது நான்.”

நான் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். அடிக்கட்டும். ஏசட்டும். இந்த வீடு என் பேரில் எழுதினது, என்ட பெட்டிய எந்தக் கடப்படியில வெப்பீங்க என்று கேட்க, வசனத்தைக்கூட வாய்க்குள் வைத்திருந்தேன். இவரைத் துரத்தலாம். என்னை ஒருவராலும் துரத்த முடியாது. அந்தத் தைரியத்தில் மாமாவின் முகத்தை நேரே பார்த்தேன்.

மாமாவின் முகம் மெதுவாக மாறியது. கோபம் போய்விட்டது. இரக்கம் வந்தது.

“பாவம்” என்றார் பின்னால் திரும்பி. “புள்ள பிழையாக் கீறிட்டாள்.”

“பிழையா இல்ல மாமா. தெரிஞ்சுதான் போட்டன்.”

“புதுக் கடதாசிதானே” என்றார் ஒருவர். “கட்டமும் கிட்டக்கிட்ட இரிக்கி. என்ட பொஞ்சாதியும் தடுமாறித்தான் வந்தாள்.”

“வயித்துல புள்ள. தல சுத்தியிருக்கும்” என்றார் இன்னொருவர்.

“நான் பார்த்துப் போட்டன்!” என்று கத்தினேன். கத்தினால் அது பிள்ளைத்தாச்சியின் கத்தல்தானே. எல்லாரும் இன்னும் இரங்கினார்கள். மாமா இவரின் தோளில் கைபோட்டார். “மருமகன், நான் அவசரப்பட்டுட்டன். மனசுல வெச்சுக்காதீங்க. பொம்புள கை தவறினதுக்கு நீங்க என்ன செய்வீங்க?”

“ஓம் மாமா” என்றார் இவர். “அண்டைக்கு அவளுக்குத் தல சுத்துத்தான்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. உம்மா பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தா. மாமா வட்டாவில் இருந்து ஒரு துண்டுத் தொதலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் தேத்தண்ணி போடச் சொன்னார். என் புருசன் எனக்குக் கிடைத்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். அன்றைக்கு அதற்குத்தான் நான் அழுதேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

நாலு வருசம் போய் அடுத்த தேர்தல் வந்தது. கொழும்பில் அரசாங்கம் எந்தப் பாஷையில் நடக்கவேண்டும் என்று நாடே அடிபட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் மாப்பிள்ளைமாரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். வாக்களிப்புக்கு முதல் நாள் குடை மாமா ஒரு கரிக்கட்டையோடு வீட்டுக்கு வந்தார். சீமெந்துத் தரையில் குந்தி, ஒரு குடையைக் கீறி, பக்கத்தில் பெரிய கட்டம் ஒன்று போட்டார். மூத்தவன் ஓடிவந்து பார்த்தான்.

“இஞ்ச வா மகள்” என்றார் மாமா. “இந்தக் கட்டத்துக்குள்ள கீறிப் பழகு. வெளிய போனாச் செல்லாது.”

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியில் நாள் முழுக்கப் பிழைக்குப் புள்ளடி போடுகிறவள் நான். வாரம் முடிய என் சிவப்புப் பென்சில் தேய்ந்துபோகும். தெரிஞ்சுதான் போட்டன் என்று இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தேன். இவர் பக்கத்தில் நின்று, “ஓம் புள்ள, மெதுவாக் கீறு” என்றார்.

குனிந்து கரிக்கட்டையை வாங்கி, குடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி கீறினேன். மாமா கட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இப்ப சரி” என்று சொல்லி, என் தலையைத் தடவிவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பழக்கப் போனார்.